மர்ஹெஷ்வான்: 'கசப்பான' மாதமா?

கேள்வி, 2025 அக்டோபர் 21

அக்கா, யூதர்களின் நாட்காட்டியில் நாளை மறுநாள் மர்ஹெஷ்வான் மாதம் பிறக்கிறதாம். எங்கள் சபைக்கு வந்து பேசிய ஒருவர் அதன் பெயருக்கு விளக்கம் சொன்னார். மாதத்தின் சொந்தப் பெயர் ஹெஷ்வான்தானாம். பண்டிகையே இல்லாத மாதம் என்பதால் 'மர்', அதாவது கசப்பு, என்ற சொல்லை முன்னால் ஒட்டிவிட்டார்களாம். வனாந்தரத்தில் இருந்த மாராவின் தண்ணீர், நகோமி தன்னை மாராள் என்று கூப்பிடச் சொன்னது, எல்லாம் அதே சொல் என்றார். நீங்கள் இஸ்ரேலில் ஆறு வருடம் இருந்தவர். இது சரிதானா?

அக்டோபர் 21, இரவு

சரியில்லை. மாரா, மாராள் இரண்டும் கசப்பு என்ற சொல்லில் பிறந்தவை என்பது உண்மை. இந்த மாதப் பெயருக்கும் கசப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பெயர் பாபிலோனிலிருந்து வந்தது. சிறையிருப்புக்குப் போன யூதர்கள் திரும்பி வரும்போது மாதப் பெயர்களையும் கொண்டுவந்தார்கள் என்று யூத ரபீக்களின் பழைய விளக்கத் தொகுப்பான எருசலேம் தல்மூதே சொல்கிறது. பாபிலோனியருக்கு இது வராஹ்சம்னு. வராஹ் என்றால் மாதம், சம்னு என்றால் எட்டாவது. எட்டாம் மாதம், அவ்வளவுதான்.

உன்னிடம் பேசியவரை நான் குறை சொல்லவில்லை, தம்பி. அங்கே போன முதல் வருடம் பக்கத்து வீட்டு அம்மாள் எனக்கும் இதையேதான் சொன்னார். அதை நம்பி, எங்கள் சபை மாத இதழில் கால் பக்கம் எழுதினேன். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடமும் செய்தார்கள். அந்தக் கால் பக்கத்தை நினைத்தால் இன்றும் மனது உறுத்துகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதப் போகிறேன்.

அக்டோபர் 22, காலை

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெயத்தில் மெய்யெழுத்துகளை மட்டும் எழுதுவார்கள். இரண்டு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்.

வ ர ஹ ச ம ன
ம ர ஹ ஷ வ ன

ஆறு எழுத்து மேலே, ஆறு எழுத்து கீழே. ர, ஹ, ன மூன்றும் அசையாமல் நிற்கின்றன. ச, ஷ வித்தியாசம் அந்த மொழிகளுக்குள் சாதாரணம். மிச்சம் இருப்பவை வ, ம. அவை இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

இனி எங்கே பிரிப்பது என்று பாருங்கள். மேல் வரியில் மூன்றாம் எழுத்துக்குப் பிறகு கோடு விழும்: வராஹ் | சம்னு. மாதம், எட்டு. கீழ் வரியிலும் அதே இடத்தில்தான் பிரிக்க வேண்டும். ஆனால் பாபிலோனிய மொழி மறந்துபோன பிறகு பேசியவர்கள் இரண்டாம் எழுத்திலேயே வெட்டிவிட்டார்கள்: மர் | ஹெஷ்வான். 'மாதம்' என்ற சொல்லின் கடைசி எழுத்து 'எட்டு' பக்கம் போய்விட்டது. தனித்து நின்ற 'மர்' எபிரெயத்தில் தற்செயலாகக் கசப்பு என்று பொருள் தந்தது. தவறு பிறந்த இடம் அந்த ஒரு வெட்டுதான்.

அக்டோபர் 22, மாலை

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது புத்தகம் இல்லை. நான் பராமரித்த பெரியவர்.

ரோஷ் ஹாயின் என்ற ஊரில் இருந்தார். ஏமன் நாட்டிலிருந்து வந்த யூதர்கள் நிறையக் குடியேறிய ஊர் அது. அவருக்குக் கண் மங்கல், காது மிகத் தெளிவு. அவருடைய மாத்திரைப் பெட்டியில் ஏழு அறைகள், ஒவ்வொன்றின்மேலும் ஓர் எபிரெய எழுத்து. ஞாயிறு ஆலெஃப், திங்கள் பேத் என்று அங்கே கிழமைகளையே எழுத்தால் எண்ணுவார்கள். நான் அந்த மொழியின் எழுத்துகளைக் கற்றது அந்தப் பெட்டியில்தான்.

மாதம் பிறப்பதற்கு முந்தைய ஓய்வுநாளில் வரப்போகும் மாதத்தின் பெயரை ஜெபத்தில் அறிவிப்பார்கள். அவர் வீட்டில் அதைச் சொல்லிப் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஊரெல்லாம் மர்-ஹெஷ்வான் என்றது. அவர் 'மராஹ்-ஷவான்' என்றார். தவறாகச் சொல்கிறாரோ என்று நினைத்து, பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னபடி நான் திருத்தினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. ஜெபப் புத்தகத்தை வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல்லின் நடுவில், மூன்றாம் எழுத்துக்குப் பிறகு, விரல் நகத்தால் ஒரு கீறல் போட்டார். "என் தகப்பன் இங்கேதான் மூச்சு விடுவார்" என்றார்.

ஏமன் யூதர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மூச்சை அதே இடத்தில் விட்டு வந்திருக்கிறார்கள். வெட்டு சரியான இடத்தில் விழுந்த உச்சரிப்பு அது.

அக்டோபர் 23

ஒரு வாசகர் சரியாகப் பிடித்திருக்கிறார். பாபிலோனிய மாதப் பட்டியல்களில் 'அராஹ்சம்னா' என்று அகரத்தில் தொடங்கித்தானே இருக்கிறது, உங்கள் வகரம் எங்கிருந்து வந்தது என்கிறார். நான் விளக்காமல் விட்டது என் குறை. பழைய வடிவம் வராஹ். பிற்காலத்தில் அவர்கள் எழுத்தில் சொல் முதல் வகரம் தேய்ந்துபோனது. எபிரெயரிடம் வந்த வடிவத்தில் அந்த இடத்தில் மகரம் நிற்கிறது. ஆக, ஓர் உதட்டெழுத்து அங்கே இருந்ததற்கு எபிரெயப் பெயரே சாட்சி.

வ, ம மயக்கம் இந்த ஒரு பெயரில் மட்டும் நடந்திருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். மற்ற மாதங்களைப் பாருங்கள். பாபிலோனில் சிமானு, எபிரெயத்தில் சீவான். பாபிலோனில் கிஸ்லிமு, எபிரெயத்தில் கிஸ்லேவ். இரண்டிலும் ம போய் வ வந்திருக்கிறது. பிற்கால பாபிலோனியர் வாயில் உயிரெழுத்துகளுக்கு நடுவே வந்த மகரம் வகரமாகத்தான் ஒலித்தது.

தமிழருக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. மழையை நம்பிய நிலத்தை வானம் பார்த்த பூமி என்று எழுதுகிறோம். கரிசல் காட்டுக்காரர் அதையே 'மானம் பார்த்த பூமி' என்பார். விழி என்பது பேச்சில் முழி ஆகிறது. மகரம் இரண்டு உதடும் சேர்ந்து பிறக்கிறது, வகரம் பல்லும் உதடும் சேர்ந்து பிறக்கிறது என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. இடைவெளி அவ்வளவு குறுகியது.

அக்டோபர் 25

பாபிலோனுக்குப் போவதற்கு முன் இந்த மாதத்துக்கு என்ன பெயர் என்று கேட்டவருக்கு: பூல்.

வேதாகமத்தின் பழைய பகுதிகளில் மாதங்கள் பெரும்பாலும் எண்ணால்தான் வரும். முதலாம் மாதம், ஏழாம் மாதம் என்று. பெயரோடு வருபவை நான்கே: ஆபிப், சீப், ஏத்தானீம், பூல். இதில் பூல் வரும் இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1 இராஜாக்கள் 6:38. சாலொமோன் ஆலயத்தைக் கட்டி முடித்தது பூல் மாதமாகிய எட்டாம் மாதத்தில். எபிரெய மூலத்தில் 'பூல் மாதம்' என்பதற்கு யேராஹ் பூல் என்று இருக்கிறது. 'எட்டாம்' என்பதற்கு ஷ்மினி. யேராஹ், ஷ்மினி. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பாபிலோனியரின் வராஹ், சம்னு இவற்றின் சொந்தச் சகோதரர்கள். ஒரே வசனத்தில் இரண்டு துண்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. சிறுவயதிலிருந்து எத்தனை முறை வாசித்துக் கடந்துபோன வசனம்! இதை முதன்முதலில் கவனித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

யேராஹ் என்றால் மாதம், யாரேயாஹ் என்றால் நிலா. நாம் திங்கள் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்கிறோம்.

பூல் என்ற பெயர் யூதர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சீதோன் நகர அரசன் எஷ்முனாசாரின் கல்சவப்பெட்டி 1855-இல் கண்டெடுக்கப்பட்டு இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பினீசியக் கல்வெட்டு 'பூல் மாதத்தில்' என்றுதான் தொடங்குகிறது. அங்கேயும் மாதத்துக்கு அதே ய-ர-ஹ.

அக்டோபர் 26

தம்மூஸ் மாதம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது தனிக் கதை. தும்மூசி என்ற மெசொப்பொத்தாமியத் தெய்வத்தின் பெயர். ஆலயத்தின் வடக்கு வாசலில் பெண்கள் தம்மூசுக்காக அழுததை எசேக்கியேல் 8:14 கண்டிக்கிறது. அந்தப் பெயரே பிறகு மாதப் பெயராக யூத நாட்காட்டிக்குள் நிலைத்துவிட்டது. இந்த இழையில் அதைத் தொடரவில்லை.

அக்டோபர் 29

இன்று மர்ஹெஷ்வான் 7. இந்த நாளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

இஸ்ரேலில் இன்றிலிருந்துதான் மழை கேட்டு ஜெபிக்கத் தொடங்குவார்கள். கூடாரப் பண்டிகை முந்தைய மாதமான திஷ்ரியின் 22-இல் முடிந்துவிடும். மழைக்காலம் அப்போதே வாசலில் நிற்கும். கோடை முழுவதும் ஒரு துளி விழாத நாடு, அன்றைக்கே கேட்டால் என்ன? யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இரண்டு கருத்து உண்டு. மர்ஹெஷ்வான் 3-இல் கேட்கலாம் என்பது ஒன்று. ரப்பான் கமாலியேல் என்ற போதகர் 7 என்றார். பண்டிகை முடிந்து பதினைந்து நாள். காரணம், எருசலேமுக்கு வந்துவிட்டு வீடு திரும்பும் கடைசி ஆள் ஐப்பிராத்து நதியை எட்டிவிட வேண்டும்.

நடந்து போகிறவர் நனையக் கூடாது என்று ஒரு தேசமே தன் மழைக்கான ஜெபத்தைத் தள்ளிவைத்தது. ஆலயம் இடிந்து, அப்படி நடந்து வருகிறவர்கள் இல்லாமல் போன பிறகும் அந்தப் பதினைந்து நாள் மாறவில்லை.

பெரியவர் அன்று காலை ஜெபத்தில் 'தல் உ மதார்', பனியும் மழையும் என்று பொருள், அந்தச் சொற்களைச் சேர்த்துவிட்டு என்னை ஜன்னலைத் திறக்கச் சொல்வார். வானத்தில் மேகம் இருக்கிறதா என்று கேட்பார். பெரும்பாலும் இருக்காது. "இல்லை" என்பேன். "அப்படியானால் அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்" என்பார்.

நவம்பர் 1

'எட்டாவது' என்கிறீர்கள், ஆனால் யூதப் புத்தாண்டு திஷ்ரியில் பிறக்கிறது, அப்படிப் பார்த்தால் இது இரண்டாவது மாதம் அல்லவா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டும் சரி. வேதாகமக் கணக்கில் எகிப்திலிருந்து புறப்பட்ட நிசான்தான் முதல் மாதம். பாபிலோனிலும் நிசான்னுதான் முதல். அந்த வரிசையில் இது எட்டாவது. ஆண்டின் எண் மாறுவது மட்டும் திஷ்ரியில். வேடிக்கை என்னவென்றால் திஷ்ரிக்கு மூலமான பாபிலோனியச் சொல்லுக்கே 'தொடக்கம்' என்று பொருள், ஆனால் அங்கே அது ஏழாம் மாதம். ஆண்டுக்கு இரண்டு வாசல் இருந்த வீடு அது.

நம் சுவரில் தொங்கும் காலண்டரையே பாருங்கள். அக்டோபர் என்றால் எட்டு. நாம் அதைப் பத்தாவதாக எண்ணுகிறோம். ரோமரின் ஆண்டு ஒருகாலத்தில் மார்ச்சில் தொடங்கியதன் அடையாளம் அது. எட்டு என்ற பெயரோடு இந்த இரண்டு மாதங்களும் ஒரே பருவத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு வருகின்றன.

நவம்பர் 3

'மர்' என்பதற்குக் கசப்பைத் தவிர வேறு விளக்கங்களும் யூதர்களிடம் உண்டு. இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, துளி. ஏசாயா 40:15-இல் 'ஏற்றச்சாலில் தொங்கும் துளி' என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் மர். மழை மாதம் என்பதால் துளி பொருந்துகிறது என்றார்கள். இன்னொன்று, ஐயா. அரமேயத்தில் மார் என்றால் ஆண்டவர், தலைவர். கேரளத்து ஆயர்களின் பெயருக்கு முன்னால் வரும் 'மார்' அதுதான். இன்றைய எபிரெயத்தில் 'திரு' என்பதற்கும் இதையே சொல்கிறார்கள். பண்டிகை இல்லாத மாதத்துக்கு ஆறுதலாக ஒரு மரியாதைப் பட்டம் கொடுத்தார்களாம்.

இரண்டும் அழகானவை. இரண்டும் தவறான வெட்டிலிருந்து பிறந்தவை. ஆனாலும் முதல் நாள் இரவு நான் எழுதிய அளவுக்கு இப்போது எனக்கு வேகம் இல்லை. ஒரு சொல்லின் பிறப்பு வேறு, மக்கள் பிறகு அதில் ஏற்றிவைத்த சுமை வேறு. இரண்டாவதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மர்ஹெஷ்வான் 11 ராகேல் இறந்த நாள் என்று பெத்லகேமில் அவள் கல்லறைக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். இன்று மர்ஹெஷ்வான் 12. பிரதமர் இட்ஸாக் ராபின் 1995 நவம்பர் 4 இரவு சுட்டுக்கொல்லப்பட்டதை நினைவுகூரும் நாள். மெழுகுவத்திகளுக்கு முன்னால் நிற்கும் ஒருவர் "கசப்பான மாதம்" என்றால் நான் அங்கே போய் எழுத்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லும்போது மட்டும் எட்டு என்றே சொல்வேன்.

மார்கழியை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் நடக்காததால் பீடை மாதம் என்கிறார்கள். இல்லை, 'பீடுடைய மாதம்' என்பதுதான் திரிந்தது என்று வேறு சிலர் வாதாடுகிறார்கள். பெயரோ மிருகசீரிட நட்சத்திரத்திலிருந்து வந்தது. விசேஷம் இல்லாத மாதத்தைக் கண்டால் மனிதர்களால் சும்மா இருக்க முடிவதில்லை.

நவம்பர் 8

மர்ஹெஷ்வான் 17. இன்றைக்குள் மழை பெய்யாவிட்டால் பக்தியுள்ள சிலர் உபவாசம் தொடங்குவார்கள் என்கிறது மிஷ்னா. நோவாவின் வெள்ளமும் இரண்டாம் மாதம் 17-ஆம் தேதிதான் தொடங்கியது. அந்த இரண்டாம் மாதம் எது என்பதில் ரபீ எலியேசருக்கும் ரபீ யோசுவாவுக்கும் வழக்கு. முன்னவர் மர்ஹெஷ்வான் என்றார், பின்னவர் நிசானுக்கு அடுத்த மாதமான ஐயார் என்றார். யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸும் வெள்ளத்தை இந்த மாதத்தில்தான் வைக்கிறார், எபிரெயப் பெயரையும் சொல்கிறார்.

நவம்பர் 11

மர்ஹெஷ்வான் 20. 'மர்' பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் வலுவான சான்று இன்றைய தேதியில்தான் இருக்கிறது.

எகிப்தின் தென்கோடியில், நைல் நதியில் எலிபன்டைன் என்ற தீவு. பாரசீக அரசின் கீழ் அங்கே யூதச் சிப்பாய்கள் குடும்பங்களோடு காவல் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. கி.மு. 410-இல், தம்மூஸ் மாதத்தில், க்னூம் தெய்வத்தின் பூசாரிகளுடைய தூண்டுதலால் அதை இடித்துவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, யூதேயாவின் ஆளுநர் பகோகிக்குப் பாப்பிரஸ் தாளில் ஒரு மனு எழுதினார்கள். கோயிலைத் திரும்பக் கட்ட உதவுங்கள் என்று. இரண்டு பிரதிகள் கிடைத்திருக்கின்றன. அடியில் தேதி: மர்ஹெஷ்வான் 20, தாரியு அரசனின் 17-ஆம் ஆண்டு. நம் கணக்கில் கி.மு. 407 நவம்பர். அரமேய எழுத்தில் ம-ர-ஹ-ஷ-வ-ன, ஆறு எழுத்தும் முழுதாக இருக்கின்றன.

அந்த மனுவில் எழுதியிருப்பதை நான் முதலில் வாசித்தபோது மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோயில் இடிந்த நாளிலிருந்து இரட்டு உடுத்தி உபவாசம் இருக்கிறோம், எங்கள் மனைவிகள் விதவைகளைப் போல இருக்கிறார்கள், எண்ணெய் பூசுவதில்லை, திராட்சரசம் குடிப்பதில்லை என்கிறார்கள். இதைவிடக் கசப்பான கடிதம் எது? ஆனால் அந்தப் பெயரை எழுதிய கை அதில் கசப்பைப் பார்க்கவில்லை. வெறும் தேதியாக எழுதிவிட்டுத் தாளை மடித்துவிட்டது.

நவம்பர் 13

இந்த மாதத்துக்கு எத்தனை நாள்? 29 அல்லது 30. புத்தாண்டு ஞாயிறு, புதன், வெள்ளியில் விழாதபடி ஆண்டைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வளைந்துகொடுப்பவை மர்ஹெஷ்வானும் கிஸ்லேவும். யூத ஆண்டு 5784-இல் 29 நாள், 5785-இல் 30, இந்த 5786-இல் மறுபடி 29.

நவம்பர் 20

ஒரு திருத்தம். 3-ஆம் தேதிக் குறிப்பில் 'பண்டிகை இல்லாத மாதம்' என்ற பேச்சை நானும் மறுக்காமல் விட்டுவிட்டேன். இன்று மர்ஹெஷ்வான் 29, சிக்த் பண்டிகை. எத்தியோப்பிய யூதர்கள் கொண்டாடுவது. பாவநிவாரண நாளிலிருந்து எண்ணினால் ஐம்பதாம் நாள். இஸ்ரேல் அரசு 2008-இல் இதைத் தேசிய விழாவாக ஏற்றது. சிக்த் என்றால் தரையில் விழுந்து பணிதல். மஸ்ஜித் என்ற சொல்லுக்கும் அதே வேர்.

ஒருமுறை இந்த நாளில் பெரியவரை எருசலேமில் மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தேன். பஸ்ஸில் வெள்ளை ஆடை உடுத்திய எத்தியோப்பியப் பாட்டிகள் நிறைய ஏறினார்கள். நகரத்தைப் பார்த்தபடி இருக்கும் மேட்டில் கூடி ஜெபிப்பதற்காகப் போய்க்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து உபவாசம். அவர்களுடைய குருமார் பல நிறக் குடைகளின் கீழ் நின்று வாசிப்பார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி, பெரியவரின் போர்வை நழுவியதைப் பார்த்துத் தானே இழுத்துவிட்டார். பிறகு என்னிடம், "இன்று எங்கள் பெரிய நாள்" என்றார். பண்டிகையே இல்லாத மாதம் என்று சபை இதழில் எழுதியவள் நான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 21

இன்று கிஸ்லேவ் பிறந்துவிட்டது.

சபை இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருந்தேன். அடுத்த மாதம் போடுவதாகச் சொல்லி, அச்சுப்படியை நேற்று மாலை தந்தார்கள். எட்டு வரி. எழுத்துப் பிழை ஏதும் இல்லை. ஆனால் மூன்றாம் வரியின் முடிவில் இடம் போதாமல் பெயரை உடைத்திருந்தார்கள்: 'மர்-' மேலே, 'ஹெஷ்வான்' கீழே. சிவப்புப் பேனாவால் இரண்டையும் சேர்த்து வளைத்து, முழுச் சொல்லையும் அடுத்த வரிக்கு இறக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.